சப்பாத்துப் பெட்டிக்குள் ஒரு கடலை அளவுச் சாமான்

பெட்டியை எப்படி மடிப்பது, டேப்பை எப்படி இழுப்பது என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதை உங்களுக்கு முதல் நாள் காலையிலேயே காட்டியிருப்பார்கள். காட்டியவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவள் நான் என்பதால் அதில் பெரிய தப்பு இருக்காது. ஜோகூரில், தெப்ராவில் இருக்கும் இதே கிடங்கில், நீங்கள் இப்போது நிற்கிற அதே பேக்கிங் தளத்தில், பல வருஷம் சூப்பர்வைசராக இருந்தேன். முழங்கால் இனிமேல் முடியாது என்று சொன்ன பிறகு வீட்டுக்கு வந்தேன். புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். என்னிடம் நல்ல வார்த்தை அதிகம் இல்லை. நான் செய்த ஒரு தப்பு இருக்கிறது. அதைத் தருகிறேன். பிடிக்காவிட்டால் என்னை எழுதச் சொன்னவரிடம் சண்டைக்குப் போங்கள்.

நாம் செய்யும் வேலை உங்களுக்குத் தெரியும். இணையத்தில் விற்பவர்களின் சரக்கு நம் அலமாரியில் இருக்கிறது. ஆர்டர் வந்தால் எடுக்கிறோம், கட்டுகிறோம், கூரியர் லோரியில் ஏற்றுகிறோம். அந்தக் காலத்தில் சின்னச் சாமானைச் சின்ன உறையிலும் பெரிய சாமானைப் பெரிய பெட்டியிலும் போட்டுக்கொண்டிருந்தோம். எல்லோருக்கும் தெரிந்த புத்திதான், அதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு இரண்டு தொல்லைகள் ஒரே சமயத்தில் வந்தன. கூரியர்காரர்கள் பார்சல்களைப் பிரிக்கும் இடத்தில் எங்கள் சின்ன உறைகள் உருளைகளுக்கு இடையில் விழுந்து காணாமல் போயின. அதோடு, முகத்துக்குப் பூசும் திரவம் விற்கிற ஒரு வாடிக்கையாளரின் பாட்டில்கள் போகிற வழியில் உடைந்து, பக்கத்துப் பார்சல்களையும் நனைத்தன. அவர் எங்களிடம் நிறையச் சரக்கு வைத்திருந்தவர். அடுத்த மாதம் வேறு கிடங்குக்குப் போய்விடுவேன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டார்.

மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். அவர் சீனர், எங்களிடம் மலாயில்தான் பேசுவார். என்ன செய்யலாம் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்ததும் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்பதற்காக, "நாளையிலிருந்து எந்தச் சாமானாக இருந்தாலும் ஒரு ஜோடி காலணி வைக்கிற சப்பாத்துப் பெட்டி அளவுக்குக் குறைந்த எதிலும் போகாது. சுற்றிலும் பழுப்புத்தாள் கசக்கி அடைக்கவேண்டும்" என்றேன். அந்த நிமிஷம் வரை நான் அப்படி யோசித்ததே இல்லை. வாயிலிருந்து வந்தது. மேனேஜருக்கு மிகவும் பிடித்துவிட்டது. அன்று மாலையே தட்டச்சு செய்து சுவரில் ஒட்டிவிட்டார்கள்.

பாட்டில் உடைவது நின்றது. உறை காணாமல் போவதும் நின்றது. வருஷக் கடைசியில் எனக்குத் தின்பண்டம் நிறைந்த ஒரு ஹாம்பர்கூடக் கொடுத்தார்கள். அதிலிருந்த பிஸ்கட்டை முழுக்க நான்தான் தின்றேன். ஆகவே பின்னால் வருவதற்கெல்லாம் பொறுப்பும் என்னுடையதுதான்.

ஊர் எங்களைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தது. ஒரு பாக்கெட் தையல் ஊசியைச் சப்பாத்துப் பெட்டியில் வாங்கிய ஒரு பெண், பெட்டிக்குள் தன் பூனையை உட்காரவைத்துப் படம் எடுத்து அனுப்பினாள். இன்னொருவர், "பெட்டி நன்றாக இருக்கிறது. கூடவே இலவசமாக ஒரு பொத்தானும் அனுப்பியிருக்கிறீர்கள், நன்றி" என்று எழுதியிருந்தார். அவர் காசு கொடுத்து வாங்கியதே அந்தப் பொத்தானைத்தான். நாங்கள் இதையெல்லாம் அச்செடுத்துப் பலகையில் குத்திவைத்துச் சிரித்தோம். பணம் திரும்பக் கேட்காத எதுவும் எங்கள் கணக்கில் புகார் இல்லை. கூரியர் லோரி முன்பு ஒரு நடை வந்தது, இப்போது இரண்டு நடை வந்தது. அதற்கும் நாங்கள் வியாபாரம் கூடிவிட்டது என்று சந்தோஷப்பட்டோம்.

தேவகியைப் பற்றி இங்கே சொல்லிவிடவேண்டும். உங்களுக்கு அவரைத் தெரியும். அப்போது அவர் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் ஒரு எலக்ட்ரானிக் பேக்டரியில் நெல் மணி அளவுத் துண்டுகளைப் பலகையில் பொருத்துகிற வேலை. கணவர் விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்குப் போய்விடுவார். அங்கே போனால் இவருக்கும் கூடுதல் சம்பளம் கிடைத்திருக்கும். இரண்டு பெண்பிள்ளைகள் பள்ளி விட்டு வரும்போது வீட்டில் யாராவது இருக்கவேண்டும் என்பதற்காக, நடந்து போகிற தூரத்தில் இருக்கும் எங்கள் கிடங்குக்கு வந்தார்.

அவருடைய விரல்கள் மெல்லியவை, அவசரப்படாதவை. மற்றவர்கள் குனிந்து தேடுகிற சாமானை அவர் பார்க்காமலே எடுப்பார். ஆகவே கடிகார பேட்டரி, மூக்குத்தி, திருகாணி, குக்கர் வால்வு என்று பொடிப்பொடியாக வருவதெல்லாம் இரண்டாம் எண் மேசைக்கு, அதாவது தேவகிக்குப் போகும். அப்படி ஏற்பாடு செய்ததும் நான்தான். வேலை வேகமாக நடந்தது. இந்த ஏற்பாட்டால் ஒருநாள் அவருக்கு ஆபத்து வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

முதலில் ஒரு கடிகார பேட்டரி. வெறும் பெட்டிதான் வந்தது என்று வாங்கியவர் எழுதினார். வேறொன்று அனுப்பினோம். இரண்டு வாரம் கழித்து ஒரு ஜோடி வெள்ளி மூக்குத்தி. அதற்கும் வேறொன்று அனுப்பினோம். மூன்றாவதாகப் போனதுதான் பெரிய சாமான். பெரியது என்றால் விலையில். அளவில் அது ஒரு நிலக்கடலைதான். காது கேட்காதவர்கள் மாட்டிக்கொள்கிற காது மெஷின் இருக்கிறதே, அதில் காதுக்குள் போகும் நுனித்துண்டு. யோங் பெங்கில் இருக்கும் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை, தன் கணவருக்காக வாங்கியிருந்தார். "பெட்டியில் தாளைத் தவிர ஒன்றும் இல்லை" என்று படத்தோடு புகார் வந்தது.

அன்று காலை மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மூன்று புகார்களையும் வரிசையாக வைத்திருந்தார். மூன்றிலும் கட்டியவர் எண் ஒன்றுதான்.

"இரண்டாம் மேசை. மூணும் அவங்கதான்" என்றார்.

சின்னச் சாமான் எல்லாமே அந்த மேசைக்குத்தான் போகிறது, ஆகவே தொலைகிற சின்னச் சாமான் எல்லாம் அவர் எண்ணில்தான் இருக்கும் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். அந்த நேரத்தில் அது என் தலையில் ஏறவில்லை. மூன்று தாள்களிலும் ஒரே எண்ணைப் பார்த்தேன். அப்போதே நான் சந்தேகப்பட்டுவிட்டேன். இதை மறைத்து எழுதுவதாக இருந்தால் எழுதவே வேண்டாம்.

கேமராவைப் போட்டுக் காட்டினார். தேவகி சின்ன பிளாஸ்டிக் பையை எடுக்கிறார். கை பெட்டிக்குள் போகிறது. பெட்டியின் சுவர் உயரமாக இருப்பதால் உள்ளே கை என்ன செய்கிறது என்று தெரியவில்லை. கை வெளியே வருகிறது. நேராக ஏப்ரன் பைக்குள் போகிறது. மேனேஜர் அந்த இடத்தில் நிறுத்தினார்.

"பேனா எடுக்கிறாங்க" என்றேன். அவர் மறுபடி ஓடவிட்டார். கை பையிலிருந்து மார்க்கர் பேனாவோடுதான் வெளியே வந்தது. ஆனால் உள்ளே போகும்போது அந்தக் கையில் ஒன்றும் இல்லை என்று அந்தப் படத்தை வைத்துச் சத்தியம் செய்யமுடியாது.

அடுத்து நிறுவையைப் பார்த்தோம். ஒவ்வொரு பார்சலும் போகுமுன் எடை பதிவாகிறது. ஆனால் பெட்டியும் தாளும் சேர்ந்து இருக்கும் கனத்துக்கு முன்னால் அந்த நுனித்துண்டு ஒன்றுமே இல்லை. அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிறுவை ஒரே எண்ணைத்தான் காட்டும். இதையும் மேனேஜரே சொன்னார், கொஞ்சம் எரிச்சலோடு.

கேமராவின் கண்ணை மறைத்தது பெட்டி. நிறுவையை ஏமாற்றியதும் பெட்டி. அவ்வளவும் எதிரில் இருந்தும் நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். சாயங்காலம் அஞ்சு மணிக்குள் தேவகி ஒப்புக்கொண்டால், வேலையை விட்டு அனுப்புவதோடு முடித்துக்கொள்ளலாம் என்றார் மேனேஜர். ஒப்புக்கொள்ளாவிட்டால் போலீசில் ரிப்போர்ட். சரக்குக்காரர் அவரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார், அவருக்கும் அவருடைய நெருக்கடி. இந்த வட்டாரத்துக் கிடங்குகளில் எல்லா சூப்பர்வைசரும் எல்லா சூப்பர்வைசரையும் அறிவார்கள். திருட்டுப் பெயரோடு வெளியே போகிற பெண்ணுக்கு நடந்து போகிற தூரத்தில் இனி ஒரு வேலையும் கிடையாது.

தேவகியைத் தாள் உருளைகள் அடுக்கியிருக்கும் அறைக்குக் கூப்பிட்டுப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு நான் சொன்னது இது. வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்.

"தேவகி, வச்சிருந்தா குடுத்துடும்மா. யாருக்கும் தெரியாம நான் பாத்துக்குறேன்."

இதை நான் ஒரு உதவியாக நினைத்துத்தான் சொன்னேன். குரலைக் கூடத் தாழ்த்திக்கொண்டேன். அவர் தோளைத் தொட்டுக்கொண்டு சொன்னேன். எனக்கு அப்போது என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம்தான் இருந்தது.

அவர் அழவில்லை. கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்தார், அது அவர் தோளில் இருந்தது.

"நான் எடுக்கல அக்கா" என்றார். "வேற என்னா சொல்றதுன்னு தெரியல."

"அஞ்சு மணிக்குள்ள சொல்லச் சொல்றாரும்மா."

"அஞ்சு மணியா. சரி. மேசையில ஆர்டர் நெறைய நிக்குது, அது வரைக்கும் பேக் பண்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் தளத்துக்கு வந்து அவரைக் கவனித்துக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொன்னால் வேவு பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அடுத்த ஆர்டரை எடுத்தார். ஒரு மூக்குக்கண்ணாடித் திருகு, சின்னப் பையில். பபிள் ராப் இருக்கவேண்டிய தட்டு காலியாகக் கிடந்தது. பெட்டி பெரிதானதிலிருந்து எல்லாமே வேகமாகத் தீர்ந்துகொண்டிருந்தது. ஆகவே பபிள் ராப்பைக் கண்ணாடிச் சாமானுக்கு மட்டும் வையுங்கள், மற்றதைத் தாளில் சுற்றுங்கள் என்று நான்தான் சொல்லியிருந்தேன். தேவகி உருளையிலிருந்து பழுப்புத்தாளைக் கிழித்துத் திருகைச் சுற்றினார், பெட்டியின் நடுவில் வைத்தார். பிறகு அதே உருளையிலிருந்து தாளைக் கிழித்துக் கசக்கி, சுற்றிலும் அடைத்தார்.

அந்த நேரம் பக்கத்து மேசைப் பெண் என்னை ஏதோ கேட்டாள். திரும்பிப் பதில் சொல்லிவிட்டு மறுபடி பெட்டியைப் பார்த்தேன். பெட்டி நிறையப் பழுப்பு உருண்டைகள். திருகு இருக்கிற உருண்டை எது என்று எனக்குத் தெரியவில்லை.

"கொஞ்சம் நில்லு" என்று சொல்லி ஒவ்வொன்றாக எடுத்தேன். முதல் உருண்டை வெறும் தாள். இரண்டாவதும் வெறும் தாள். அஞ்சாவதில்தான் திருகு இருந்தது. தேடினால் கிடைக்கும் என்று தெரிந்து, அதே வேலையில் தலை நரைத்த நான் தேடியே அஞ்சாவதில். ஒன்றும் தெரியாமல் பெட்டியைத் திறக்கிறவர் எத்தனை உருண்டையைப் பிரித்துப் பார்ப்பார்?

தேவகி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எப்போதோ புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். சொன்னால் தப்பிக்கப் பார்க்கிறாள் என்று நினைப்பேனோ என்று சொல்லாமல் இருந்திருக்கலாம்.

யோங் பெங் டீச்சருக்குப் போன் போட்டேன். பள்ளியில் இடைவேளை நேரம் போலிருக்கிறது, எடுத்தார். பெட்டியில் இருந்த தாளை என்ன செய்தீர்கள் என்று கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"நான் என்னா பொய்யா சொல்றேன்? தாளெல்லாம் நான் என்னாத்துக்கு வச்சிருக்கணும்? எங்க வீட்டுக்காரரு ஒரு வாரமா ஒண்ணும் கேக்காம மில்லுல நிக்கிறாரு. லோரி பின்னால வர்றது கூடத் தெரியாது. நீங்க தாளப் பத்திக் கேக்குறீங்க!"

லைனை வைத்துவிட்டார். வைத்ததில் அவர்மேல் தப்பே கிடையாது.

மேனேஜரிடம் போய், நான் நேரில் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். போய்வாருங்கள், ஆனால் அஞ்சு மணி அஞ்சு மணிதான் என்றார். அலுவலகத்தில் முகவரியை வாங்கிக்கொண்டு என் பழைய காரை எடுத்தேன். நெடுஞ்சாலையில் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டங்கள். வழியில் இரண்டு விதமாக மனசு ஓடியது. அங்கே சாமான் கிடைக்கவேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டேன். கிடைக்காவிட்டால் தேவகியிடம் எப்படிப் பேசி ஒப்புக்கொள்ளவைப்பது என்றும் அதே வாயால் ஒத்திகை பார்த்தேன்.

வீடு ஊருக்குச் சற்று வெளியே ஒரு தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில், இருந்தது. டீச்சர் அப்போதுதான் பள்ளியிலிருந்து வந்து காரை நிறுத்திக்கொண்டிருந்தார். நான் யார் என்று தெரிந்ததும் முகம் இறுகியது. ஆனாலும் ஜோகூரிலிருந்து இவ்வளவு தூரம் வந்தவளை வாசலில் நிற்கவைக்க அவருக்கு மனம் வரவில்லை.

"வாங்க. பசியாறிட்டுத்தான் வந்தீங்களா?" என்று கேட்டார், கோபத்தோடுதான்.

அவருடைய கணவர் வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலன் பக்கம் வேலை பார்த்துப் பார்த்துக் காது போனவர். இரண்டு நாள் லீவு முடிந்து, மத்தியான ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான் வணக்கம் சொன்னேன். அவர், "ஆமாமா, மழைதான்" என்றார்.

டீச்சர் பெட்டியைக் கொண்டுவந்து காட்டினார். அதற்குள் பிள்ளைகளின் பென்சிலும் கத்தரிக்கோலும் இருந்தன. பெட்டி மட்டும் நல்ல பெட்டி, பத்திரமாக வைத்திருந்தார். தாள்?

"குப்பையில போட்டிருப்பேன். ஞாபகம் இல்ல. அவருகிட்டதான் குடுத்தேன்னு நெனக்கிறேன்" என்றார்.

அந்த நேரத்தில் கணவர் ஆலைக்குப் போடுகிற பூட்ஸை இழுத்து முன்னால் வைத்தார். லீவுக்கு முந்தின நாள் மழையில் நனைந்த பூட்ஸ், கழுவிக் காயவைத்திருக்கிறார். வலது பூட்ஸுக்குள் கையை விட்டு ஒரு பழுப்பு உருண்டையை எடுத்து, கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த குப்பைத்தொட்டியில் எறிந்தார். குறி தப்பாமல் உள்ளே விழுந்தது.

"ஐயா, நில்லுங்க!" என்று கத்தினேன். அவருக்கு எங்கே கேட்கப்போகிறது. இரண்டாவது உருண்டையை எடுத்தார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். முன்பின் தெரியாத ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு, நாற்பது வயசுப் பிள்ளைக்குத் தாயான நான் நின்ற கோலத்தைப் பார்த்து டீச்சர் ஒரு நிமிஷம் பயந்துவிட்டார்.

பூட்ஸ் வடிவம் கெடாமல் காயட்டும் என்று நாங்கள் அனுப்பிய தாளை முழுக்க உள்ளே அடைத்திருந்தார் மனுஷன். தாள் வீணாகப் போகக்கூடாது என்ற நல்ல எண்ணம். வலது பூட்ஸிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் உட்கார்ந்து பிரித்தேன். ஒன்றுமில்லை. தொட்டியில் விழுந்ததையும் எடுத்துப் பிரித்தேன். அதிலும் இல்லை. இடது பூட்ஸைத் தலைகீழாகத் தட்டினேன். மூன்று உருண்டைகள் விழுந்தன. கடைசி உருண்டை மற்றதைவிட இறுக்கமாக இருந்தது. தேவகி சுற்றினால் அப்படித்தான் இருக்கும். உள்ளே சின்ன பிளாஸ்டிக் பை, பைக்குள் நுனித்துண்டு.

அழுகை வந்துவிட்டது எனக்கு. சாமான் கிடைத்த சந்தோஷம் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். கணவர் பையை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். விஷயம் மெல்லப் புரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தார்.

"அலமாக்! காதுக்கு வந்த சாமான கால்ல போட்டுக்கிட்டு வேலைக்குக் கெளம்பிட்டேனே!"

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"மன்னிச்சிடுங்க அக்கா, நான் நல்லாத் தேடியிருக்கணும்."

"இல்லங்க டீச்சர், நாங்க நல்லாக் கட்டியிருக்கணும்."

"இதை பேக் பண்ண பிள்ளைய ஒண்ணும் சொல்லிடலியே?"

நான் தண்ணீரைக் குடித்தேன். டம்ளர் காலியான பிறகும் வாயிலேயே வைத்திருந்தேன்.

அங்கிருந்தே படம் எடுத்து மேனேஜருக்கு அனுப்பினேன். "பாகூஸ்" என்று ஒரு வார்த்தை வந்தது, நல்லது என்று. அத்தோடு அவர் வரையில் விஷயம் முடிந்துவிட்டது. நாலு மணி சுமாருக்குக் கிடங்குக்குத் திரும்பினேன். தேவகி மேசையில் இருந்தார். காலையில் நின்ற ஆர்டர்கள் எல்லாம் முடிந்து அடுத்த கட்டு ஓடிக்கொண்டிருந்தது.

தளத்தின் நடுவில் நின்று எல்லோரையும் கூப்பிட்டேன். சாமான் கிடைத்துவிட்டது, தேவகி கட்டிய பெட்டியிலேயே இருந்தது, தப்பு அவருடையது இல்லை, சப்பாத்துப் பெட்டியும் பழுப்புத்தாளும் என்னுடைய ரூல், தப்பு அதில்தான் என்று சத்தமாகச் சொன்னேன். இரண்டு பேர் கை தட்டினார்கள். தேவகி தலையை அசைத்தார். எல்லோரும் கலைந்த பிறகு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"யோங் பெங் வரைக்கும் போனீங்களா அக்கா?"

"போனேன்மா."

"நான் எடுக்கலன்னு தெரிஞ்சுதான் போனீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அன்று காலையில் தோளைத் தொட்டுக்கொண்டு பேசிய பிறகு, அந்த முகத்தைப் பார்த்து இன்னொரு முறை நடிக்க என்னால் முடியவில்லை.

"தெரியாதும்மா. பாத்துட்டு வரலாம்னுதான் போனேன்."

"சரிக்கா" என்றார். அடுத்த ஆர்டரை எடுத்தார்.

மறுநாள் சுவரிலிருந்த தாளை நானே கிழித்தேன். இனிமேல் சின்னச் சாமானை எப்படி அனுப்புவது என்று, முதல் முறையாக, மேசையில் நிற்கிற ஆளைக் கேட்டேன். தேவகி யோசிக்கவே இல்லை. "பில்லு அளவுக்கு ஒரு அட்டை வெட்டுங்க. சாமான அதுல ஒட்டி, உறையில போட்டுடலாம். உறைய எல்லாம் ஒரே சாக்குல போட்டுக் கட்டி கூரியர்காரங்ககிட்ட குடுத்தா மெஷின்ல விழாது லா" என்றார். இவ்வளவு நாளாக மனசில் வைத்திருந்திருக்கிறார். நாங்கள் யாரும் கேட்கவில்லை. இன்று நீங்கள் அட்டையில் ஒட்டி அனுப்புகிறீர்களே, அது அவர் சொன்ன வழிதான். லோரி மறுபடி ஒரு நடையாகக் குறைந்தது. மேனேஜர் என்னைப் பாராட்டினார். அது தேவகியின் யோசனை என்று சொன்னேன், அவரையும் பாராட்டினார். பழைய பேட்டரியும் மூக்குத்தியும் கடைசி வரை கிடைக்கவில்லை. அவை யார் வீட்டுக் குப்பையோடு போயினவோ. தேவகியின் எண்ணுக்கு நேரே இருந்த அந்த இரண்டு புகார்களையும் அடிக்கவைத்து, மேனேஜரிடம் கையெழுத்தும் வாங்கினேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மாதக் கடைசியில் தேவகி என்னிடம் வந்து, பெரிய சாமான் மேசைக்கு மாற்றிவிடச் சொன்னார். ரைஸ் குக்கர், டயாப்பர் கட்டு, மாவு மூட்டை ஏற்றுகிற மேசை. ஆண்களே முதுகைப் பிடித்துக்கொள்கிற இடம்.

"உன் கைக்கு அந்த வேலையா? ஏம்மா?" என்றேன்.

"பெரிய சாமான் தொலைஞ்சா எல்லாருக்கும் கண்ணுக்குத் தெரியும்க்கா" என்றார்.

அன்றே அந்த மேசைக்கு மாற்றிக் கொடுத்தேன்.

உங்களுக்கு நான் சொல்லவேண்டியது இவ்வளவுதான். சாமான் காணவில்லை என்றால் முதலில் பெட்டியைக் கேளுங்கள். தாளைக் கேளுங்கள், ரூலைக் கேளுங்கள், அந்த ரூலைப் போட்டது யார் என்று கேளுங்கள். மனுஷரிடம் கடைசியாகப் போங்கள். அஞ்சு மணிக்குள் சாமானைக் கண்டுபிடித்துவிட்டேன். காலையில் சொன்ன வார்த்தையைத் திரும்பக் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

சின்னச் சாமான் மேசைக்குப் புதிதாக வருகிறவர்களை இப்போதும் தேவகியிடம்தான் பழக அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவரை விட்டால் அந்த வேலை அவ்வளவு தெரிந்தவர் இல்லை. ஆகவே நீங்களே பார்த்திருப்பீர்கள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நிற்பார். இப்படி ஒட்டு, அப்படித் திருப்பு என்று வாயால் சொல்வார். நீங்கள் எத்தனை முறை தப்பாகச் செய்தாலும், திருகாணி தரையில் உருண்டு ஓடினாலும், குனிந்து எடுத்துத் தரமாட்டார். அவருக்குப் பின்னால் நீங்கள் கங்காணி என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதும், அதேபோல் கையைக் கட்டிக்கொண்டு நடந்து காட்டிச் சிரிப்பதும் என் காதுக்கு வந்தது.

அவர் அதிகாரம் காட்டுவதாக நினைக்காதீர்கள். மேசை மாறிய நாளிலிருந்து தேவகி இந்தக் கிடங்கில் ஒரு சின்னச் சாமானைக்கூடக் கையால் தொட்டதில்லை.